சோம்பேறியின் பிரதட்சணம்

“எதுக்குண்ணே ஓடுறீங்க?” என்று அந்தப் பையன் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில், சுற்றுச்சுவர் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துப் பின்தொடையை நீட்டி இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நான் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவனும் அவன் கூட்டாளிகளும் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். ஏழு நிமிடத்துக்குள் 1500 மீட்டர் ஓடியாக வேண்டும். கயிறு ஏறுவது, தாண்டுவது எல்லாம் அதைத் தாண்டியவர்களுக்குத்தான். “சும்மாதான் தம்பி” என்றேன். கிண்டலாகவோ தத்துவமாகவோ சொல்லவில்லை. வேறு பதில் அந்த நேரத்தில் வாயில் இல்லை. அவன் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. “சும்மாவா” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு காலை மாற்றி வைத்தான். கடையில் விலை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் பொருளை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்களே, அப்படித்தான் அந்தச் சொல்லை அவன் திரும்ப வைத்தான். அது எனக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து ஓடும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுகிறேன் என்பதுகூட மிகை. தானாக வரட்டும் என்று காத்திருக்கிறேன். தேடுவதற்கு நான் ஆளில்லை. நான் சோம்பேறி.

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர், ‘சேச்சே, நீங்களா?’ என்று யாராவது மறுப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறவர்கள். என் விஷயத்தில் சாட்சியங்கள் பலமானவை. குளியலறை பல்பு ஃபியூஸ் போய் நான்கு மாதம் கதவைப் பாதி திறந்துவைத்துக் குளித்திருக்கிறேன். சட்டையில் பித்தான் அறுந்தால் அந்தச் சட்டையின் ஆயுள் அன்றோடு முடிந்தது. பள்ளியில் விளையாட்டுப் பீரியடின்போது வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்குக் காவலிருக்கும் பதவியை நானாகக் கேட்டு வாங்கி ஐந்து வருடம் வகித்தேன். “உக்காந்த எடத்துல வேர் விட்ருவான்” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதில் வருத்தத்தோடு, ஒரு செடியைப் பற்றிச் சொல்லும்போது வருகிற லேசான பெருமையும் இருந்ததாக எனக்கு நினைவு. ஓட ஆரம்பித்ததற்கும் காரணம் சோம்பல்தான். நாற்பத்து மூன்றாவது வயதில் வண்டி கிளம்ப மறுத்தது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் அலுவலகத்துக்கு நடந்தேன். நடப்பது பெரிய அலுப்பு. வீடு வந்துசேர முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிடும். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் உட்காரலாமே என்ற ஒரே எண்ணத்தில், ஒருநாள் மாலை ஆளில்லாத தெரு ஒன்றில், டிபன் கேரியர் பை குலுங்க நாலு எட்டு ஓடிப் பார்த்தேன். ரசம் கொட்டிவிட்டது. ஆனால் ஏதோ ஒன்று பிடித்திருந்தது. என்ன என்று இன்றுவரை சுட்டிக்காட்ட முடியவில்லை. உட்காருவதற்காக ஓடியவன், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, அந்த உட்காருதல் அதுவரை உட்கார்ந்த எல்லா உட்காருதலையும்விட ஆழமாக இருந்தது. சோம்பலின் ருசியைக் கூட்டுகிற ஊறுகாய்போல ஓட்டம் அன்று எனக்கு அறிமுகமானது.

யோசித்துப் பார்த்தால் விளையாட்டுகளில் ஆகச் சோம்பலான விளையாட்டு ஓட்டம்தான். ஷட்டில் ஆட இன்னொரு ஆள் வேண்டும். அவருக்கு நேரம் ஒத்துவர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவருடைய மகனின் நுழைவுத்தேர்வு பற்றிக் கேட்க வேண்டும். நீச்சலுக்கு உடை மாற்றி, ஈரத்தை உலர்த்தி, துண்டைப் பிழிந்து, வேலையே நாலு. ஜிம்மில் ஒவ்வொரு இரும்பின் முன்னாலும் ஒரு முடிவெடுக்க வேண்டும். ஓட்டத்தில் ஒரே ஒரு முடிவுதான், அதுவும் வாசற்படியில் முடிந்துவிடுகிறது. பிறகு இடது, வலது. அதையும் கால்கள் பார்த்துக்கொள்கின்றன. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, தேர்ச்சியடையும் கட்டாயமும் இல்லை. ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி தனாகா என்ற பேராசிரியர், மெல்ல ஓடுவதையே ஒரு முறையாக வகுத்து, அதன் வேகத்துக்கு ‘நிகோ நிகோ’ என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் புன்னகை முகத்தைக் குறிக்கும் இரட்டைக்கிளவி அது. முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். மூச்சுத் திணறினால் அது நிகோ நிகோ இல்லை. இதைப் படித்தபோது, பல வருடமாகப் பட்டா இல்லாமல் குடியிருந்த மனைக்குத் தாசில்தாரே வீடு தேடிவந்து பட்டா கொடுத்ததுபோல் இருந்தது. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறவன் நான். அந்தப் பையன் ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டிய 1500 மீட்டர் எனக்குப் பன்னிரண்டு நிமிடம். இந்த ஐந்து நிமிட வித்தியாசத்தை மூச்சின் கணக்காக மட்டும்தான் முதலில் நினைத்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு உத்தியோகமும், ஒரு கல்யாணமும், ஒரு வீட்டுக் கடனும் இருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது.

ஓடுகிறவர்களின் எழுத்துகளில் சோம்பலை வென்றதாக வருகிறது. படுக்கையிலேயே அதைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். என் சோம்பல் அப்படிக் கிடக்கிற ரகமில்லை, கூடவே வருகிறது. நாலு ஐம்பதுக்கு அலாரம் அடித்ததும் முதலில் விழிப்பது அதுதான். தூறலா என்று காது கொடுத்துக் கேட்கும். முழங்காலில் வலி இருக்கிறதா என்று ஒரு மருத்துவரைப் போல விசாரிக்கும். இல்லையென்றாலும், நேற்று இருந்ததே என்று ஞாபகப்படுத்தும். நான் அதோடு சண்டை போடுவதில்லை. சரி, போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவோம், ஓட வேண்டாம் என்று சொல்லி அழைத்துப் போகிறேன். வடக்குக் கரையில் மாரியம்மன் கோயில் வாசலில் முந்தைய நாளின் எலுமிச்சை மூடிகள் நெய்க்கருகலோடு குவிந்து கிடக்கும். அங்கிருந்து குளத்தை வலப்பக்கம் வைத்து ஓடத் தொடங்குவேன். கிழக்குக் கரையில் பாசி வாசனையும், தண்ணீருக்குள் ஏதோ புரளும் சத்தமும். தெற்குக் கரையில் வீடுகளின் வாசல் தெளிக்கும் ஓசை. மேற்கில் சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கும் பருத்திப்பால் வண்டி. ஒரு சுற்று 1200 மீட்டருக்குச் சற்று மேல். முதல் சுற்று எப்போதும் கொடுமை. கெண்டைக்கால் கல்லாக இருக்கும், மூச்சு தனக்கென்று ஒரு தாளம் கிடைக்காமல் தடுமாறும். இரண்டாவது சுற்றில் எங்கோ, எந்த இடம் என்று ஒருநாளும் கவனிக்க முடிந்ததில்லை, சோம்பல் பேசுவதை நிறுத்திவிட்டு என்னோடு சேர்ந்து ஓடத் தொடங்கியிருக்கும். அப்போது நான் எதையும் செய்துகொண்டிருப்பதாகவே தோன்றுவதில்லை. யாரோ ஓடுகிறார்கள், நான் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவனின் நிம்மதி. போலீஸ் பையன்கள் மைதான வழக்கப்படி இடமாகச் சுற்றுவார்கள், நான் கோயில் வழக்கப்படி வலமாக. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரே வந்துவிடுவோம். அவர்கள் முகத்தில் ஜன்னலோர இருக்கை எதுவும் இல்லை. பல்லைக் கடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, காறித் துப்பி, ஒருவனை ஒருவன் திட்டி ஓடுவார்கள். ஒரே பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு தரப்பும் செய்கிற காரியத்துக்குத் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது.

சோம்பலுக்குப் பழந்தமிழ்ச் சொல் ‘மடி’. வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறளிலும் திட்டித் தீர்க்கிறார். அறுபத்தோராவது அதிகாரம், மடியின்மை. தள்ளிப்போடுதல், மறதி, மடி, உறக்கம் நான்கையும் கெட்டுப்போகப் போகிறவர்கள் விரும்பி ஏறும் கலமாகச் சொல்லும் குறளைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கலத்தில் எனக்கு எந்த மூலையில் இடம் கிடைக்கும் என்றே மனம் போகிறது. ஆனால் அதே சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள்களும் உண்டு. குழந்தை படுக்கும் இடம் மடி. பசுவின் பால் சுரக்கும் இடம் மடி. பாட்டிமார்கள் சில்லறை முடிந்து வைத்த சேலைக் கொசுவமும் மடி. தொட்டால் தீட்டு என்று ஈரத் துணியோடு ஒதுங்கி நிற்கிற ஆசாரத்துக்கும் மடி என்றுதான் பெயர். இவையெல்லாம் ஒரே வேரில் கிளைத்தவையா, தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்தவையா என்று அகராதிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அவை ஒன்றாகவே கேட்கின்றன. என் சோம்பல் தலை சாய்க்கிற ஒரு மடி; அதில் ஏதோ சுரக்கவும் செய்கிறது; கொஞ்சம் முடிந்தும் வைத்திருக்கிறது. அடுத்த அதிகாரமான ஆள்வினையுடைமையில், மூதேவி மடியில் குடியிருக்கிறாள், திருமகளோ மடியில்லாதவனின் ‘தாளில்’ இருக்கிறாள் என்று வருகிறது. உரைகள் தாள் என்பதற்கு முயற்சி என்று பொருள் சொல்கின்றன. தாள் என்றால் காலும்தான். காலில் திருமகளும் மடியில் மூதேவியுமாக ஒரே ஆளுக்குள் அக்காளும் தங்கையும் குடியிருக்க முடியுமா என்று வள்ளுவரிடம் கேட்க ஆசை. விடிகாலையில் தெற்குக் கரையைத் தாண்டும்போது அப்படித்தான் உணர்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒரே வீட்டில் புழங்குகிறார்கள்.

இந்தக் குளம் 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள். சதுர்த்திக்கு மூன்று குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படியில், ஒரே கொழுக்கட்டை படைக்கிறார்கள் அவருக்கு. அவரைத் தூக்கிப்போன பிறகும் குளம் பிள்ளையார் இல்லாமல் இல்லை. நடுவிலிருக்கும் மைய மண்டபத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பல வருடம் தண்ணீர் இல்லாமல் பையன்கள் கிரிக்கெட் ஆடிய பள்ளத்துக்கு நடுவிலும் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிறைந்து கிடக்கும்போதும் அப்படியே. மாம்பழக் கதையில் தம்பி மயிலேறி உலகைச் சுற்றப் போக, அண்ணன் எழுந்து அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் அதைப் புத்திசாலித்தனத்தின் கதையாகக் கேட்டேன். இப்போது சோம்பலின் கதையாகப் படுகிறது. பெரிய வயிற்றோடு உலகம் முழுக்க யார் அலைவது என்ற அலுப்பிலிருந்துதான் அந்த யோசனை பிறந்திருக்க வேண்டும். அதே சமயம் முருகனின் பக்கமும் மனம் சாய்கிறது. வெயிலும் மழையும் பட்டு, கடலும் மலையும் கடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றவனிடம் பழம் முடிந்துவிட்டது என்றால் கோபம் வராதா? கோபித்துக்கொண்டு பழனியில் போய் நின்றுவிட்டான். எனக்கு இடிக்கிற இடம் இதுதான்: தினமும் விடிகாலையில் நான் மூன்று சுற்று சுற்றுவது எதை? நடுவில் உட்கார்ந்திருக்கும் சோம்பேறியை. சுற்றுவதாலேயே பழம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவனும் நான்தான். எதிரே வேர்த்துக்கொண்டு வருகிற பையன்கள் யாருடைய கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

அறிவியலிடமும் ஒருமுறை தஞ்சம் புகுந்து பார்த்தேன். டெனிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மனித உடம்பு நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே செதுக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம். குதிகாலுக்கு மேலிருக்கும் வில் போன்ற தசைநாண், பெரிய பிட்டத் தசை, உடம்பெல்லாம் வேர்க்கும் தோல், ஓடும்போது தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பிடரியில் ஒரு பட்டை. பன்றிக்கு அந்தப் பட்டை கிடையாது. டிரெட்மில்லில் ஓடவிட்டால் தலை தளதளவென்று ஆடுமாம். ஆனால் அதே லீபர்மன்தான் பிற்பாடு, மனிதன் உடற்பயிற்சி செய்யப் பரிணமிக்கவில்லை என்றும் எழுதினார். தேவை இருந்தால் அல்லது மகிழ்ச்சி கிடைத்தால் அசைவோம், மற்ற நேரத்தில் சக்தியைச் சேமித்து உட்கார்ந்திருப்போம். அதுதான் இயற்கை என்றார். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள்கூட நாளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் உட்கார்ந்தோ குந்தியோ ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று அளந்திருக்கிறார்கள். ஓடப் பிறந்தவன், உட்காரவும் பிறந்தவன். இரண்டும் ஒரே பிடரிக்குக் கீழே. அப்புறம் அந்த இரண்டாம் சுற்றுக் கிறக்கம். அதற்குக் காரணம் எண்டார்ஃபின் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ரத்தத்தில் சுரக்கும் அது மூளைக்குள் எளிதில் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு என்பதால் இப்போது சந்தேகம் வேறொரு பொருள் பக்கம் திரும்பியிருக்கிறது. கஞ்சா போய்ப் பூட்டுகிற அதே ஏற்பிகளில் போய்ப் பூட்டுகிற, உடம்பே தயாரிக்கிற ஒரு சரக்கு. 1992இல் ஜெருசலேமில் அதைப் பிரித்தெடுத்தவர்கள் சம்ஸ்கிருதத்தின் ஆனந்தத்தை எடுத்து ‘அனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். படித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் செய்திகளை நான் இவ்வளவு ஆசையோடு சேர்த்துவைப்பதிலேயே ஏதோ இடிக்கிறது. நிம்மதியாக இருப்பவன் அத்தாட்சி சேகரிப்பதில்லை. அந்தப் பையனுக்கும் இதே பிடரிதான், இதே குதிகால் தசைநாண்தான். அவனுக்கு அனந்தமைடு சுரக்கிறதா என்று யாரும் அளக்கவில்லை, நெஞ்சளவுதான் அளந்தார்கள்.

அலுவலகத்தில் என்னை இப்போது எல்லோரும் ‘டிசிப்ளின்’ என்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவன் என்பதால் என் கோப்புகளும் நேரத்துக்கு முடியும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. முடிவதில்லை, ஆனால் யாரும் நம்புவதில்லை. அவர்கள் வற்புறுத்தலில் ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுத்தேன். பின்னூசி குத்திய எண், ஒலிபெருக்கியில் காதைப் பிளக்கும் பாட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ‘கமான், கமான்’ என்று கத்தும் இளைஞர்கள், கடைசியில் கழுத்தில் ஒரு தகர மெடல். என்னைப் பார்த்துக் கத்தும்போது நான் ஏதோ செய்து முடிக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஓட்டம் வேலையாகிவிட்ட அந்த ஒரு மணி இருபது நிமிடத்தில் என் சோம்பல் வரவே இல்லை, வீட்டிலேயே இருந்துகொண்டது. அது இல்லாமல் ஓடுவது உப்பில்லாத சோறு என்று அன்று தெரிந்தது. டிரெட்மில்லின் பூர்வீகத்தைப் பின்னால் படித்தபோது அந்த எரிச்சலுக்கு ஒரு வம்சாவளி கிடைத்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிறையில் கைதிகள் வெறுமனே பொழுதுபோக்கி நிற்பதைப் பார்த்து, அவர்களுக்கு உழைக்கும் பழக்கம் வரட்டும் என்று படிகள் வைத்த பெரிய உருளையைச் சிறைக்குக் கொண்டுவந்தார். மணிக்கணக்கில் ஏற வேண்டும். ஏற ஏறப் படி கீழே போகும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் வெறும் காற்றைத்தான் அரைத்தது. ஆஸ்கார் வைல்டும் 1895இல் அதில் ஏறியவர்தான். சோம்பலுக்கு மருந்தாகப் பிறந்த எந்திரத்தின் பேரன் இன்று குளிரூட்டிய அறையில் சந்தா வாங்கிக்கொண்டு சுற்றுகிறான். அதில் ஏறுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. காற்றை அரைப்பதில் நான் அவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவனில்லை.

சோம்பேறி என்ற சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியபோது, அது நான் நினைத்த அளவு விளையாட்டான சொல்லாக இல்லை. மலேசியச் சமூகவியலாளர் சையது உசேன் அலாட்டாஸ் 1977இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே ‘சோம்பேறிச் சுதேசி என்ற புனைவு’ என்கிற பொருள்படும். மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும் பிலிப்பைன்ஸ் மக்களும் சோம்பேறிகள் என்று காலனி அதிகாரிகள் நூற்றாண்டுக்கணக்கில் எழுதிவந்ததை அவர் அவிழ்த்துக் காட்டுகிறார். மலாய்க்காரர் வயலில் உழைத்தார், கடலில் உழைத்தார். வெள்ளைக்காரனின் தோட்டத்தில் கூலியாக நிற்க மட்டும் மாட்டேன் என்றார். அதற்குக் கிடைத்த பட்டம் அது. அந்தத் தோட்டங்களில் நிற்க இங்கிருந்து கங்காணிகள் ஆள்பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர். அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பது ‘பெரட்டு’ என்ற ஒரு சொல் மட்டும்தான். விடியுமுன் தோட்டத்தில் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுப்பது பெரட்டு. லீவில் ஊருக்கு வந்தபோதும் இருட்டிலேயே எழுந்து திண்ணையோரமாக விறைத்து நிற்பாராம். கேட்டால், கால் தானாக நிற்கிறது என்பாராம். மலாய்க்காரருக்குச் சோம்பேறிப் பட்டம், இவருக்கு உழைப்பாளிப் பட்டம். இரண்டையும் கொடுத்தது ஒரே கை. எந்தப் பட்டம் பெரிய அவமானம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அதே இருட்டு நேரத்தில்தான் நான் எழுகிறேன். என் கால் தானாக எழுவதில்லை, கெஞ்ச வேண்டியிருக்கிறது. அந்தக் கெஞ்சல் எனக்குக் கிடைத்த சொத்து, மூன்று தலைமுறை தாண்டி வந்த சொத்து என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். உடனே, இப்படி நினைப்பதுகூட ஒரு சொகுசு என்று தோன்றிவிடும்.

சொகுசின் கணக்கை வீட்டிலேயே தொடங்கலாம். நாலு ஐம்பதுக்கு நான் அலாரத்தோடு பேரம் பேசும்போது அடுக்களையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் மனைவி சோம்பேறியா, சுறுசுறுப்பா என்று இருபது வருடத்தில் எனக்குத் தெரியவரவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. “வர்றப்ப பால் வாங்கிட்டு வந்துருங்க” என்பாள், என் ஓட்டத்தில் அவளுக்கு உபயோகப்படும் ஒரே பகுதி அதுதான் என்பதுபோல. ஒருமுறை அவளையும் கூப்பிட்டேன். வந்தாள். ஒரு சுற்று நடந்தாள். படித்துறைப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து, “கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டு வர்றேன், நீங்க ஓடுங்க” என்றாள். நான் இரண்டு சுற்று முடித்து வந்தபோதும் தண்ணீரைப் பார்த்தபடி அப்படியேதான் இருந்தாள். நான் ஓடி ஓடி அடைகிற இடத்துக்கு அவள் வெறுமனே உட்கார்ந்து போய்விட்டிருந்தாள். ஆனால் மறுநாள் வரவில்லை, இட்லிக்கு ஊற வைத்திருந்தது. மேற்குக் கரையில் குப்பை கூட்டும் அம்மா ஒருவர் எனக்கு முன்னால் வந்து, நான் போன பிறகும் அங்கேயே இருப்பார். முந்தைய மாலையின் காகிதத் தட்டுகளும் சோளக் கதிரின் சக்கைகளும் அவர் துடைப்பத்துக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நான் வருவதைக் கண்டதும் தூசி படக் கூடாதென்று துடைப்பத்தை ஒரு கணம் நிறுத்துவார். என் ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கணம் அவர் எனக்காகச் சும்மா நிற்கிறார். நன்றி சொல்ல நினைத்து, அது இன்னும் அபத்தமாக இருக்கும் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறேன். சோம்பலாக இருக்க ஒருவனுக்குச் சுற்றிலும் எத்தனை பேர் சோம்பாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் தெப்பத் திருவிழாவன்று காலையில், ஓட முடியாது என்று தெரிந்தும் போனேன். மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் குளத்தைச் சுற்றிவர, கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பம் நகராமல் நிலைத்தெப்பமாக நின்றதைப் பார்த்தவன் என்பதால், அது நகர்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. கூட்டம் சேருமுன் ஒரு சுற்றாவது முடித்துவிடலாம் என்று வடகரையில் தொடங்கி, கிழக்கும் தெற்கும் தாண்டி, தென்மேற்கு மூலைக்கு வந்தபோது தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள். “இதுக்கு மேல விட மாட்டாங்கண்ணே” என்றது ஒரு காக்கிச் சட்டை. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. இடுப்புப் பெல்ட்டுக்கு மேல் லேசான சரிவு. அவன்தான். வேலை கிடைத்து, பயிற்சி முடிந்து, பந்தோபஸ்துக்கு வந்திருக்கிறான். இரவு முழுக்க நின்ற கால்கள் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், “இப்பல்லாம் ஓடுறதில்லையா தம்பி?” என்றேன். அவன் முதல்முறையாகச் சிரித்தான். “இனி எதுக்குண்ணே ஓடணும்?” இரண்டு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த கேள்வியை அவன் எவ்வளவு சுலபமாக மடித்து வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பில் கிடந்தது நான் அறிந்த சோம்பல்தான். ஆனால் அவன் அதை ஏழு நிமிடத்துக்குள் ஓடிச் சம்பாதித்திருந்தான். எனக்கு அது பிறந்தபோதே மடியில் கட்டிவிட்டது. தடுப்புக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டான். “உக்காருங்கண்ணே. ஏழு மணிக்குத்தான் இன்ஸ்பெக்டர் வருவாரு.” அது அவன் உட்கார வைத்திருந்த நாற்காலி. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். ஓட்டம் நின்றுவிட்டதை உணர்ந்த என் கைக்கடிகாரம் ஒருமுறை அதிர்ந்து, தானாகவே கணக்கை நிறுத்திக்கொண்டது. முக்கால் சுற்று. நடுமண்டபத்தின் உச்சியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான்.